சும்மா கிடக்கிற கணினி

கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோத் தீவில், மலைகளுக்கு நடுவே இயற்கையாக விழுந்த ஒரு குழிக்குள், 305 மீற்றர் அகலத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கி இருந்தது. பெயர் அரெசிபோ. 1999இல் அந்தத் தட்டில் விழுந்த வானத்து இரைச்சலைக் கலிபோர்னியாவிலுள்ள பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அமெரிக்காக்காரன் என்ன செய்தான்? 35 கிகாபைட் நாடாவில் பதிந்து, பெட்டியில் அடைத்து, தபாலில் போட்டான். அரெசிபோவில் நல்ல இன்டர்நெட் லைன் கிடையாது.

இதைக் கேள்விப்பட்டதிலிருந்துதான் எனக்கு அந்தத் திட்டத்தோடு ஓர் ஒட்டுதல். அப்போது இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதில், பிரதான வீதியில் நான் ஒரு கொமியூனிக்கேஷன் வைத்திருந்தேன். முன்னால் இரண்டு டெலிபோன் கூடு, ஒரு பெக்ஸ், ஒரு போட்டோக்கொப்பி மெஷின். பின்னறையில், ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் வகுப்பு. சவூதியிலும் கட்டாரிலும் இருக்கும் ஆம்பிளைகளோடு பேச வருகிற பெண்களுக்குத்தான் லைன் முதலில். அவர்கள் போய், கட்டணமும் குறைகிற இராவில்தான் இன்டர்நெட். மோடம் கத்திக் கத்திப் பிடித்து, வினாடிக்கு மூன்று நான்கு கிலோபைட் வந்தால் அன்றைக்குப் பெருநாள்.

திட்டத்தின் பெயர் செட்டி அட் ஹோம். அரெசிபோ பிடித்த இரைச்சலுக்குள் வேற்றுக் கிரகத்தார் அனுப்பிய சமிக்ஞை ஏதும் கிடக்கிறதா என்று தேடுவது. தேட சுப்பர் கம்பியூட்டர் வாங்கக் காசில்லை. ஆகவே உலகத்து வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது 1995இல் டேவிட் கெடி என்பவருக்கு வந்த யோசனை. டேவிட் அண்டர்சனும் டான் வெர்திமரும் அதை நடைமுறையாக்கி, 1999 மே 17இல் திறந்துவிட்டார்கள். ஒரு இலட்சம் பேர் சேர்ந்தாலே பெரிய காரியம் என்று நினைத்திருந்த இடத்தில், போகப்போக 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

நாடாவில் வந்ததை அவர்கள் துண்டு துண்டாக அறுத்தார்கள். ஒரு துண்டில் 107 வினாடி இரைச்சல், அதிலும் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் அகலம் மட்டும். மொத்தம் 350 கிலோபைட்டுக்குக் கிட்ட. என் மோடத்தில் இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் அதற்குள் தேடி முடிக்க அன்றைய வீட்டுக் கணினிக்குப் பத்து மணித்தியாலமும் ஆகும், இருபதும் ஆகும். இறக்குவது கொஞ்சம், உழைப்பது நிறைய. அதனால்தான் இந்த வேலை எங்கள் ஊர் லைனுக்கு ஒத்துவந்தது. பாட்டோ படமோ ஏறாத அந்த லைனில் வானம் ஏறியது.

விண்டோஸ்காரருக்கு அது ஒரு ஸ்க்ரீன் சேவர். வண்ண வண்ண மலைத்தொடர் மாதிரி ஒரு வரைபு ஓடும். ஆட்கள் பாதிப் பேர் சேர்ந்ததே அந்தப் படத்துக்காகத்தான் என்பது என் கணிப்பு. லினக்ஸ்காரருக்குப் பெரும்பாலும் படம் இல்லை, கறுப்புத் திரையில் நாலு வரி எழுத்து. என் வீட்டுக் கணினியில் லினக்ஸ் இருந்தது. சென்னையிலிருந்து சாமான் கொண்டுவந்த ஒரு கூட்டாளி, பிசி குவெஸ்ட் இதழையும் அதில் ஒட்டியிருந்த லினக்ஸ் சீடியையும் தந்துவிட்டுப் போனான். வீட்டில் டெலிபோன் லைன் இல்லை. ஆகவே கடையில் துண்டுகளை இறக்கி, புளொப்பியில் போட்டு, சட்டைப்பையில் வைத்து சைக்கிளில் கொண்டுபோவேன். 1.44 மெகாபைட் புளொப்பியில் மூன்று துண்டு தாராளமாக அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரெக்டரி. ஒன்று முடிய அடுத்தது. முடிந்தவை அடுத்த புளொப்பியில் கடைக்குத் திரும்பிப் போகும். தொலைநோக்கியிலிருந்து தபாலில் புறப்பட்ட வானம், சாய்ந்தமருதுக்குள் சைக்கிளில் ஓடியது.

இராவில் கணினி இரைவதைக் கேட்டு உம்மா ஒருநாள் கேட்டா: “என்னத்த மகன் தேடுறாய் விடிய விடிய? ஜின்னையா?” கிட்டத்தட்ட அதுதான் என்றேன். ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிவிட்டுப் படுத்தா.

ஒரு வேலையைப் பலரின் கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதை பேர்க்லிக்காரர் முதன்முதலில் தொடங்கவில்லை. 1977இல் 129 இலக்கமுள்ள ஓர் எண்ணைக் கொடுத்து, இதன் இரண்டு காரணிகளையும் கண்டுபிடியுங்கள் என்று ஒரு சவால் விடப்பட்டது. ஆர்.எஸ்.ஏ. 129 என்று பெயர். அன்றைய முறைகளில் கோடானுகோடி ஆண்டு எடுக்கும் என்று கணித்தார்கள். 1994 ஏப்ரலில், ஏறத்தாழ 600 பேர் 1600 கணினிகளைக் கொண்டு, சில மாதங்களில் அதை உடைத்தார்கள். வேலையைப் பங்கிட்டதும் விடைகளைச் சேர்த்ததும் மின்னஞ்சலில். 1996 ஜனவரியில் ஜோர்ஜ் வொல்ட்மன் என்ற புரோகிராமர் மெர்சேன் பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். 1999 ஜூனில் அதில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று அகப்பட்டது. கண்டது நயன் ஹஜ்ரத்வாலா என்பவரின் 350 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 கணினி. பத்து இலட்சம் இலக்கத்தைத் தாண்டியதற்காக வைத்திருந்த 50,000 டொலர் பரிசும் அவருக்குக் கிடைத்தது. இந்தச் செய்தியைச் சொல்லித்தான் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் லினக்ஸ் படிப்பித்தேன். ஜின்னுக்கு வராத பிள்ளையும் டொலருக்கு வந்தான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒரே வசனத்தைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தன: உங்கள் கணினி சும்மா கிடக்கிற நேரத்தைத் தாருங்கள், உங்களுக்குச் செலவில்லை. செலவில்லை என்பது எவ்வளவு தூரம் உண்மை?

விண்டோஸ் 98க்கு அது ஓரளவு உண்மை. செய்ய வேலை இல்லாதபோதும் அது புரொசெசரை ஓயவிடாது. வெறும் சுற்றாகச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் சூடும் கரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். வீணாகப் போகிற சுற்றை விண்வெளிக்குக் கொடுத்தால் என்ன நட்டம்? புரொசெசருக்கு ‘ஹோல்ட்’ என்றொரு கட்டளை உண்டு: அடுத்த அழைப்பு வரும்வரை நில், படுத்துக்கொள். விண்டோஸ் 95, 98 அதைக் கொடுக்காததால், அதைக் கொடுப்பதற்கென்றே ரெயின், வோட்டர்ஃபோல் என்று சின்னச் சின்னப் புரோகிராம்களை ஆட்கள் எழுதி வைத்திருந்தார்கள். லினக்ஸோ தொடக்க காலத்திலிருந்தே அந்தக் கட்டளையைக் கொடுத்துவந்தது. வேலை இல்லையென்றால் புரொசெசர் படுத்துவிடும், ஹீட் சிங்க் ஆறிவிடும்.

ஆகவே லினக்ஸ் வைத்திருந்தவன் செட்டியை ஓடவிட்டபோது மிச்சத்தைக் கொடுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிக் கொடுத்தான். நைஸ் 19 என்று ஆகக் கடைசி முன்னுரிமையில் போட்டால், நாம் தட்டும் எந்த வேலைக்கும் அது வழிவிடும், உண்மை. ஆனால் மின்சார மீட்டருக்கு நைஸ் 19 தெரியாது. கேசிங்கைத் திறந்துவைத்து ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்தது. கடலோரத்தில் அது தேவையான பழக்கம். உப்புக்காற்றில் ராம் தொடுப்புகள் பச்சை பிடிக்கும், அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத்தான் போடவேண்டும். செட்டி ஓடும்போது சுடுகிறது, நிறுத்தினால் ஆறுகிறது. சூடு எங்கிருந்தோ வரவேண்டுமே.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது. ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி, அங்கிருந்த கணினிகளில் டிஸ்ரிபியூட்டட் டொட் நெட் என்ற இரகசியக்குறி உடைக்கும் திட்டத்தைப் போட்டுவிட்டார். மாநில அரசு பல இலட்சம் டொலர் நட்டக் கணக்குக் காட்டி வழக்குப் போட்டது. 2002இல் ஒரு சிறு தொகையும் நன்னடத்தைக் காலமுமாக வழக்கு முடிந்தது. கணக்கு ஊதிப்பெருத்ததுதான். ஆனால் சும்மா கிடப்பதற்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்பதை அந்த வழக்கு எல்லோருக்கும் ஞாபகப்படுத்தியது.

எங்களுக்கு அதைக் கோர்ட் சொல்லத் தேவையிருக்கவில்லை. 2001இலும் 2002இலும் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டு. பத்து மணித்தியால வேலை மூன்று நாள் இழுக்கும். நல்லவேளை, அந்தப் புரோகிராம் செய்த வேலையை இடைக்கிடை டிஸ்க்கில் எழுதிவைக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்துக்குக் கிட்ட இருந்து தொடரும்.

முன்பின் தெரியாத 50 இலட்சம் பேர் அனுப்பும் விடையை ஒரு பல்கலைக்கழகம் எப்படி நம்பும்? தொடக்கத்தில் நம்பத்தான் செய்தார்கள். பிறகு தெரிந்தது: யார் அதிகம் முடித்தார்கள் என்ற பட்டியலில் ஏறுவதற்காக, ஒரே விடையைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்களும் புரோகிராமை மாற்றிப் பொய் விடை அனுப்புகிறவர்களும் இருந்தார்கள். பரிசும் இல்லை, பணமும் இல்லை. வெறும் பட்டியலுக்குக் களவு! மனிதனை வேற்றுக் கிரகத்தார் கண்டுபிடிக்காதது நல்லது என்று அப்போது நினைத்தேன்.

தீர்வு, பிறை பார்க்கிற ஊர்க்காரனுக்கு நன்கு விளங்கும். 29ஆம் நாள் மஃரிபுக்குப் பிறகு நாடெங்கும் ஆட்கள் மேற்கே பார்க்கிறார்கள். கண்டவன் கண்டேன் என்றால் போதாது; சாட்சி விசாரிக்கப்பட்டு, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழு ஏற்றுக்கொண்டால்தான் பெருநாள். அதுபோல ஒரே துண்டை ஒருவரையொருவர் அறியாத இருவருக்கோ மூவருக்கோ அனுப்புவது, விடைகள் பொருந்தினால்தான் ஏற்பது. இதில் ஒரு சிக்கலும் வந்தது. லினக்ஸிலும் விண்டோஸிலும் தசமக் கணக்கு கடைசி இலக்கங்களில் சற்று விலகலாம். இருவரும் நேர்மையாகச் செய்தும் விடை பொருந்தாது. அதற்காகச் சில திட்டங்கள் லினக்ஸ் கணினிக்குச் சாட்சியாக இன்னொரு லினக்ஸ் கணினியையே தேடின. உள்நாட்டுப் பிறையா சர்வதேசப் பிறையா என்று எங்கள் பக்கம் நடக்கும் விவாதத்தை எந்தப் புரோகிராமரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. வந்து சேர்ந்த இடம் என்னவோ அதுதான்.

அந்த முறையின் அழகு 2010இல் தெரிந்தது. ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற திட்டத்தில், அதே அரெசிபோவின் பதிவிலிருந்து, நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை சுழலும் ஒரு பல்சார் நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஒரு தம்பதியின் கணினி கண்டது, ஜேர்மனியின் மைன்ஸ் நகரத்து ஒருவரின் கணினி சாட்சி சொன்னது. கண்டுபிடித்தவர்களாக மூவரையும் அறிவித்தார்கள்.

2004இல் செட்டி, அண்டர்சன் உருவாக்கிய பொயிங்க் என்ற பொதுத்தளத்துக்கு மாறத் தொடங்கியது. பொயிங்க் ஒரு திட்டத்துக்கு மட்டுமானதல்ல. எந்த ஆய்வாளரும் தன் வேலையை அதில் வைக்கலாம், நாம் விரும்பியதில் சேரலாம். திறந்த மூலநிரல் என்பதால் டெபியனும் உபுண்டுவும் அதைத் தம் பொதிகளில் சேர்த்துக்கொண்டன. ஒரு வரி தட்டினால் இறங்கும்; தனக்கென்று ஒரு யூசரை உருவாக்கிக்கொண்டு, கணினி எழும்பும்போதே பின்னணியில் எழும்பும். புளொப்பிக் காலம் முடிந்தது. அந்த நவம்பரில் ஐ.பி.எம். தன் வேர்ல்ட் கொமியூனிட்டி கிரிட்டைத் தொடங்கியது: வானத்தை விட்டு நோய்க்கு.

அடுத்த மாதம் 26ஆம் திகதி கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். எங்கள் கடற்கரைத் தெருக்கள் இல்லாமல் போயின. என் வகுப்பறையில் கணினிகளை மூலையில் அடுக்கிவிட்டு, குடும்பங்களைப் படுக்கவைத்தோம்.

அந்த நாட்களில் கொழும்பில் வேறொரு தன்னார்வ வேலை நடந்தது. லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனைச் சுற்றி, கொம்பனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த புரோகிராமர்கள் கூடி, சில வாரங்களுக்குள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், எங்கே என்ன தேவை என்பவற்றைப் பதிவதற்கு. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி, எல்லாம் இலவச மென்பொருள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகநலன் விருதும் கிடைத்தது.

சஹானாவைப் பார்த்தபோதுதான் செட்டி போன்றவற்றின் எல்லை எனக்கு விளங்கியது. வானத்து இரைச்சலை அறுத்துப் பங்கிடலாம், ஏனென்றால் ஒரு துண்டுக்கும் மற்றத் துண்டுக்கும் தொடர்பில்லை. என் துண்டை முடிக்க ஜேர்மன்காரனிடம் நான் எதுவும் கேட்கத் தேவையில்லை. காணாமற்போன பிள்ளையின் பெயர் அப்படியல்ல. மருதமுனை முகாமில் எழுதிய பெயரும் அக்கரைப்பற்று முகாமில் தேடுகிற பெயரும் ஒரே இடத்தில் வந்து முட்டினால்தான் பிரயோசனம். அதற்கு ஆயிரம் கணினி வேண்டாம், ஒரு கணினியும் ஓடியோடிப் பெயர் எழுதுகிற ஆட்களும் வேண்டும். எத்தனை புரொசெசரை எழுப்பினாலும் தீராத கணக்குகள் உண்டு.

அதன் பிறகு செட்டியில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஒக்ஸ்போர்ட்டின் காலநிலைத் திட்டத்தை எடுத்தேன். 2003இல் தொடங்கிய அது, பூமியின் முழுக் காலநிலையையும் 45 ஆண்டுக்கு உங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கும். ஒரு வேலை முடிய வாரங்கள், மாதங்கள் கூட. 2005 ஜனவரியில் அதன் முதல் முடிவு நேச்சர் இதழில் வந்தது: கரியமில வாயு இரட்டித்தால் சூடு 2 பாகையை விடக் குறைவாகவும் ஏறலாம், 11ஐத் தாண்டியும் ஏறலாம் என்ற அகலமான விடை. கடலுக்கு இத்தனை கிட்ட இருப்பவனுக்கு உறக்கம் தருகிற விடையல்ல. 2007இல் வேர்ல்ட் கொமியூனிட்டி கிரிட்டில் டெங்கு மருந்துத் தேடல் வந்தது, அதற்கு மாறினேன். டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவொன்று, டெங்குக் கிருமியின் ஒரு புரதத்தில் எந்தெந்த மூலக்கூறு போய்ப் பூட்டிக்கொள்ளும் என்று கணினியில் பொருத்திப் பார்த்தது. மழை விட்டதும் பிள்ளைகள் காய்ச்சலோடு கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஊரில், இதை யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. உம்மாவே கேட்டா, “மருந்து எடுத்துட்டியா மகன்?” என்று. 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு வந்தது. கிருமியை அடிக்கும் மருந்து இன்றுவரை எந்தப் பார்மசியிலும் இல்லை.

2019இல் கணினியை நிறுத்திவைத்தேன். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் முடிந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 இரவு, எங்கள் ஊரின் பெயர் உலகச் செய்திகளில் வந்தது. பிறகு வீடு வீடாகச் சோதனை. இராவெல்லாம் தானாக ஓடி, வெளிநாட்டுக்கு என்னவோ அனுப்புகிற கறுப்புத் திரைக் கணினி ஒன்று எங்கள் வீட்டில் இருப்பதை, சிங்களத்தில் விளங்கப்படுத்துகிற தைரியம் எனக்கு இருக்கவில்லை.

2020 மார்ச்சில் திரும்பப் போட்டேன். கொரோனா ஊரடங்கு. விஜய் பாண்டே ஸ்டான்போர்ட்டில் 2000இல் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், கொரோனாக் கிருமியின் புரதங்கள் எப்படி மடிந்து விரிகின்றன என்று பார்க்கத் தொடங்கியது. சேர்ந்த கூட்டம் சொல்லி முடியாது. எல்லாக் கணினியும் சேர்ந்து எக்ஸாஃப்ளொப் என்கிற வேகத்தைத் தாண்டின. அன்று உலகத்தின் எந்த சுப்பர் கம்பியூட்டரும் அந்த வேகத்தை எட்டியிருக்கவில்லை. வேலை கேட்ட கணினிகளுக்குக் கொடுக்க வேலை இல்லாமல் சேர்வர்கள் திணறின. இங்கே எங்கள் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்தார்கள். அடக்குவதற்கு விட 2021 பெப்ரவரி ஆனது. அந்த மாதங்களில் அந்தக் கணினி ஓடிய சத்தம் எனக்குத் தேவைப்பட்டது. அதைக் கணக்கில் போட முடியாது.

அதே 2020 மார்ச் 31இல் செட்டி அட் ஹோம் புதுத் துண்டு அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் முதலாம் திகதி அரெசிபோவின் கம்பிகள் அறுந்து, மேலே தொங்கிய 900 தொன் மேடை தட்டின் மேல் விழுந்தது.

பிறகு 2022. மார்ச் 31 அளவில் கரண்ட் வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம். ஒகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். அப்போதுதான் மகன் ஒரு பிளக் மீட்டர் வாங்கிவந்து என் கணினியில் மாட்டினான். சும்மா கிடக்கையில் நாற்பது வாட்ஸுக்குக் கீழே, பொயிங்க் முழுமூச்சில் ஓடினால் நூறுக்கு மேலே. இடைவெளி அறுபதென்று வைத்தாலும், இராப்பகலாக ஓடினால் மாதத்துக்கு 43 அலகு. எங்கள் கட்டணம் படி படியாக ஏறுவது. அந்த 43 அலகு பில்லை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். 1999இல் ஹீட் சிங்கில் விரல் வைத்து நான் ஊகித்ததை மீட்டர் இலக்கமாகக் காட்டியது. இருபது ஆண்டில் புரொசெசர்கள் ஆழமாகத் தூங்கப் பழகிவிட்டன. எழுப்புகிற விலையும் அந்த அளவுக்கு ஏறிவிட்டது. திட்டங்கள் மட்டும் இன்னும் அதே பழைய வசனத்தைத்தான் சொல்கின்றன.

“அப்ப நிப்பாட்டுங்களன் வாப்பா” என்றான்.

கூரையில் சோலார் போட்டபோது இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பகலில் மிஞ்சுகிற வெயில்தானே. மகன் அதற்கும் கணக்கு வைத்திருந்தான். மிஞ்சுகிற அலகை மின்சார சபை காசு கொடுத்து வாங்குகிறது. நான் ஐன்ஸ்டைனுக்குக் கொடுக்கிற ஒவ்வோர் அலகும் விற்காமல் விட்ட அலகு. வெயிலிலும் சும்மா கிடப்பது எதுவுமில்லை.

கணக்குச் சரி. நான் மறுக்கவில்லை. கடைசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பொயிங்க் அமைப்பில் நேரம் குறிக்க ஓர் இடம் உண்டு: பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரை, நான்கு கோரில் இரண்டு மட்டும். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், ஜும்ஆவுக்கு நான் போய்வரும்வரை அது தன்பாட்டில் ஓடும். செலவை வீட்டுக் கணக்கில் எழுதுவதில்லை. என்னுடைய வெற்றிலைக் காசில் எழுதச் சொல்லிவிட்டேன்.